ஒழுகாத ஓட்டை

செல்ஃப் அடிக்குது, வண்டி கிளம்பலை.

மதுரை டவுனில் இருக்கிற நண்பர்களிடம் இதைச் சொன்னால், "மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதானே" என்பார்கள். கூப்பிடலாம். ஆனால் ஜூலை முதல் வாரம், கால்வாயில் தண்ணி ஓடும்போது, வாடிப்பட்டியில் ஆரம்பித்து அலங்காநல்லூர் தாண்டியும் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் தொளி அடித்துக்கொண்டிருக்கும்போது, மெக்கானிக் கிடைப்பது முகூர்த்த நாளில் சமையல்காரர் கிடைப்பது மாதிரி. போன் எடுப்பார். "வர்றேன்" என்பார். அவ்வளவுதான்.

போன வாரம் கொட்டகையைக் கூட்டும்போது ஒரு முழம் பழைய சைக்கிள் டியூப் கையில் சிக்கியது. அதைப் பார்த்ததும் அந்த வெள்ளிக்கிழமை மொத்தமும் ஞாபகம் வந்துவிட்டது.

முதலில் தண்ணி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் அத்தனை பதட்டம் என்று புரியாது. எங்கள் பக்கம் பெரியாறு பாசனம். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகை அணைக்கு வந்து, பேரணையில் பிரிந்து பெரியாறு பிரதான கால்வாயில் எங்களுக்கு வருகிறது. பேரணையில் இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதற்கு அங்கிட்டு மேலூர் பக்கம் ஒருபோகம். தண்ணி திறக்கும்போது வழக்கமாக 120 நாள் கணக்கு சொல்வார்கள்: முதல் 45 நாள் முழுசா, அடுத்த 75 நாள் முறை வைத்து. அந்த முதல் 45 நாளுக்குள் தொளி அடித்து, நட்டு, பயிர் வேர் பிடித்துவிட வேண்டும். முறை வைக்க ஆரம்பித்த பிறகு சேறு அடிக்கத் தண்ணி கேட்டால் மடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை.

எங்கள் நாற்றங்காலில் கோ 51. 105, 110 நாளில் அறுவடைக்கு வரும் குறுகிய வயசு ரகம். இந்த மாதிரி ரகத்துக்கு நாத்து வயசு ரொம்ப முக்கியம். 20, 25 நாளுக்குள் பிடுங்கி நட்டுவிட வேண்டும். தள்ளிப்போனால் நாற்றங்காலிலேயே முத்திப்போகும், நட்ட பிறகு தூர் கட்டாது. அன்றைக்கு என் நாத்துக்கு வயசு 26. சனிக்கிழமை காலை 14 பேர் நடவுக்கு வருவதாகப் பேசி வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமையை விட்டால் அவர்களுக்கு அடுத்த எட்டு நாளும் வேறு வேறு ஊரில் வேலை.

ஒன்றரை ஏக்கர் ஒரு உழவு முடிந்து, ரெண்டாவது சால் அடித்து பரம்பு இழுக்க வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை ஒரு நாள் போதும். வண்டி கிளம்பினால்.

வாடகை வண்டி கிடைக்காதா? கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே மணிக் கணக்கில் டிராக்டர் வாடகைக்கு விடுகிறார்கள், உழவன் செயலியில் பதிவு செய்யலாம். நல்ல திட்டம், நானே கோடை உழவுக்கு எடுத்திருக்கிறேன். ஆனால் அதை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நினைத்தால் ஆகாது. தனியார் வண்டி எல்லாம் ஏற்கெனவே யாராவது ஒருத்தர் வயலில். அதோடு, என் கீழ்ப்பக்கத்து வயல் புதைசேறு. பெரிய வண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிடும், அப்புறம் அதை இழுக்க இன்னொரு பெரிய வண்டி. அதற்காகத்தான் கடன் வாங்கி அந்த 18 எச்.பி. சின்ன டிராக்டரை வாங்கினேன். மூணு சிலிண்டர். வெயிட் குறைவு. கேஜ் வீல் மாட்டினால் சேற்றில் வாத்து மாதிரி போகும்.

அன்றைக்கு வாத்து கொட்டகையிலேயே நின்றது.

வெள்ளன ஆறு மணிக்கு சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடி. ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, நடுவில் ஒரு நிமிஷமாவது விட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். பதட்டத்தில் எதுவும் ஞாபகம் இல்லை. அரை மணி நேரத்தில் பேட்டரி இறங்கி, "டக் டக்" என்று மட்டும் சத்தம் வந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா வேப்பங்குச்சியோடு வந்து நின்று பார்த்தார். "காளை படுத்துக்கிட்டா வாலை முறுக்குனா எந்திரிச்சிரும். இதுக்கு எதைப்பா முறுக்குறது?" என்றார். அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை.

இங்கேதான் நான் செய்த அந்தத் தப்பு வருகிறது. முந்தின நாள் வண்டி ஓட்டியது என் அக்கா மகன். மதுரையில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்கு எழுதிப்போட்டு காத்திருந்தான். சும்மா இருக்க வேண்டாம் என்று நடவு முடியும் வரை எனக்குத் துணைக்கு வந்திருந்தான். நல்ல பையன், கை சுத்தம். நான் டேங்க்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன் (மீட்டர் முள் வேலை செய்து ரெண்டு வருஷம் ஆகிறது). அடியில் நாலு விரல் டீசல்தான் இருந்தது.

"ஏன் மாப்ளே, டீசலைக் காலி பண்ணி ஏர் ஏத்தி வச்சிட்டியா? காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாய்ங்களா?" என்று கத்தினேன்.

"காலி ஆகலையே மாமா. ஓட்டிட்டு வந்து நிப்பாட்டும்போது நல்லாத்தான இருந்துச்சு."

"நல்லா இருந்தா இப்ப ஏன்டா கிளம்பலை?"

பெரியப்பா நின்றிருந்தார். வேலியோரம் நாத்துப் பறிக்க வந்த ரெண்டு அக்காமார் நின்றிருந்தார்கள். அவன் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். போனபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் கூப்பிடவில்லை. மாமா இல்லையா, அந்த வீம்பு.

ஒன்பதரை மணிக்கு மெக்கானிக் அண்ணன் போனை எடுத்தார். பின்னால் ஏதோ வண்டி ஓடுகிற இரைச்சல். நான் பேட்டரி, செல்ஃப் என்று ஆரம்பித்தேன். அவர் நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா?"

பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் சாவியைத் திருப்பிய ஆள் ஒரு தடவைகூட தலையைத் தூக்கி சைலன்சரைப் பார்க்கவில்லை.

"பாருங்க. வெள்ளையா புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியலைன்னு அர்த்தம். அது வேற வைத்தியம். புகையே இல்லைன்னா டீசல் போய்ச் சேரலை. ஸ்டாப் நாப் உள்ள தள்ளியிருக்கா, டேங்க் குழாய் திறந்திருக்கா, பில்டர் கிண்ணத்துல தண்ணி நிக்குதா, பாத்துட்டு ஏர் எடுங்க. இப்ப வர முடியாதுண்ணே." வைத்துவிட்டார்.

பெட்ரோல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரிய ஒரு சின்ன விளக்கம் வேண்டும். உங்கள் ஸ்கூட்டரில் ஒரு பிளக் இருக்கும், அது பொறி கொடுத்து பெட்ரோலை எரிக்கும். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன்காரர் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் சூட்சுமமே அதுதான். சிலிண்டருக்குள் வெறும் காற்றை இழுத்து, அதை இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். சைக்கிளுக்குக் காத்தடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும் இல்லையா, அதே கதைதான். அந்தச் சூட்டில் டீசலைப் பனி மாதிரி பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். எங்கள் மதுரை வெயிலில் ஹீட்டர் பிளக்கூட பெரிசாகத் தேவைப்படாது.

ஆனால் அப்படிப் பீய்ச்ச, நாசில் முனையில் டீசல் நூறு மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே இருக்க வேண்டும். அதை பம்பு செய்கிறது. டீசல் திரவம், நசுங்காது, அழுத்தினால் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் இருந்தால்? காற்று நசுங்கிக் கொடுக்கும். பம்பு அடிப்பதெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம். செல்ஃப் நாள் முழுக்கச் சுற்றினாலும் வண்டி கிளம்பாது.

ஸ்டாப் நாப் சரியாக இருந்தது. இதைப் பார்ப்பதற்கு வெட்கப்படக் கூடாது. ஒருமுறை இந்த நாப்பை வெளியே இழுத்து வைத்துவிட்டு நான் முக்கால் மணி நேரம் போராடியிருக்கிறேன். டேங்க் குழாய் திறந்திருந்தது. பில்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தண்ணி இல்லை, ஆனால் கிண்ணம் பாதிதான் நிறைந்திருந்தது. சரி, ஏர்தான்.

ஏர் எடுக்க ரெண்டு பேர் வேண்டும். ஒருத்தர் ஸ்பேனரோடு நட்டுப் பக்கம், ஒருத்தர் சாவியில். நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "என்னடா சொன்ன புள்ளைய? சாப்பிடாம படுத்திருக்கான்" என்றாள். நான் சுற்றி வளைத்து, பேட்டரிக்கு கேபிள் வேணும், அது இது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா போனை அவனிடம் கொடுத்துவிட்டாள். "வர்றேன் மாமா" என்றான். பதினொரு மணிக்கு வந்தான், தெருவில் ஒருத்தரின் ஜீப்பையும் கூட்டிக்கொண்டு. கேபிள் போட்டு அதன் பேட்டரியில் இருந்து எங்களுக்குக் கொடுத்தோம். முகத்தைப் பார்க்காமலேயே ரெண்டு பேரும் வேலையை ஆரம்பித்தோம்.

வேலை பெரிய வித்தை இல்லை, பொறுமைதான். டீசல் போகும் திசையிலேயே போக வேண்டும். கேனில் இருந்த கடைசி ரெண்டு லிட்டரை டேங்க்கில் ஊற்றினோம். முதலில் பில்டர் தலையில் இருக்கிற ஏர் ஸ்குரூவை ரெண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடித்தான். சோப்பு நுரை மாதிரி டீசல் பொங்கியது. நுரை நின்று சுத்தமாக வழியும் வரை அடித்து, அடிப்பதை நிறுத்தாமலே ஸ்குரூவை முடுக்கினேன். அடுத்து பெரிய பம்பில் இருக்கிற ஸ்குரூ, அங்கேயும் அதே. கடைசியில் மூணு நாசில் குழாய் நட்டையும் 17 ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்திவிட்டு அவனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். முதலில் ஈரம், அப்புறம் நுரை, அப்புறம் டீசல் விட்டு விட்டுத் துப்பும். ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். அங்கே விரலை வைத்து மட்டும் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வந்த கதைகள் உண்டு. அதுபோல சிலர் அவசரத்துக்கு ஏர் கிளீனரில் பெட்ரோல் துணியைக் காட்டுவார்கள். நான் அதைச் செய்வதில்லை. நேரம் கெட்டு தப்பான இடத்தில் பற்றி எஞ்சின் உள்ளுக்குள் உடைந்துபோக வாய்ப்பு இருக்கிறது.

மூணாவது நட்டை முடுக்கும்போதே "டுப்" என்றது. சைலன்சரில் வெள்ளையாக ஒரு கொத்து புகை. அடுத்த அடியில் பிடித்துக்கொண்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தில், "பாத்தியா, ஏர்தான்" என்றேன். அதாவது நான் காலையில் சொன்னது சரி, தப்பு உன் மேல்தான் என்று மறுபடி ஒரு குத்து. அவன் பதில் சொல்லாமல் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். வாய்க்கால் மேடு வரைக்கும் போயிருப்பான், பத்து நிமிஷம். எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது.

வெயில் உச்சியில். நாத்துக் கட்டுகள் வரப்போரம் தண்ணிக்குள் நின்றிருந்தன. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நடவு அக்காவுக்குப் போன் போட்டு நாளைக்கு வேண்டாம் என்று சொல்லலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவன்தான் வந்து எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தான். "மாமா, டீசல் காலி ஆகி ஏர் ஏறியிருந்தா, ஒரு தடவை எடுத்தா போயிரும். மறுபடி எப்படி வரும்? புதுசா எங்க இருந்தோ ஏறிக்கிட்டே இருக்கு."

எனக்கு இது ஏன் தோன்றவில்லை? எத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். காரணம் அவன்தான் என்று காலை ஆறரை மணிக்கே முடிவு பண்ணிவிட்டதால், அதற்குப் பிறகு நான் காரணத்தைத் தேடவே இல்லை.

"எங்கயும் ஒழுகலையேடா. ஓட்டை இருந்தா கீழ சொட்டுமே."

"அடிச்சுத் தள்ற பக்கம் ஓட்டை இருந்தா ஒழுகும். இழுக்குற பக்கம் இருந்தா ஒழுகாது மாமா. இளநீ ஸ்ட்ராவுல ஓட்டை இருந்தா இளநீயா சொட்டுது? காத்துதான வாய்க்கு வருது."

என் வண்டியில் டேங்க் சீட்டுக்கு அடியில். அங்கே இருந்து எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிற ஃபீட் பம்பு டீசலை உறிஞ்சி இழுக்கிறது. டேங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டம் பம்பைவிட மேலே, தானாக இறங்கும், உறிஞ்ச வேண்டியதில்லை. கால் டேங்குக்குக் கீழே போனால் உறிஞ்ச வேண்டும். நினைத்துப் பார்த்தால், ரெண்டு மாசமாகவே டீசல் குறைவாக இருக்கிற நாளில் காலையில் கிளம்பக் கொஞ்சம் அடம் பிடிக்கும். முழு டேங்க் போட்ட நாளில் ஒரே தட்டு. இதை நான் வண்டியின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு வீடு தள்ளி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓடிப்போய் கொத்தனாரிடம் இருந்து லெவல் டியூபை வாங்கி வந்தான். மட்டம் பார்க்கத் தண்ணி நிரப்பிப் பிடிப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூப். ஃபீட் பம்பில் இருந்து பழைய ஹோஸைப் பிடுங்கி, இடையில் ரெண்டு ஜாண் லெவல் டியூபை வைத்துக் கட்டினான். ஏர் எடுத்து வண்டியைக் கிளப்பினோம். டியூபில் டீசல் தெளிவாக ஓடியது, அரை நிமிஷம். அப்புறம் கோலி சோடாவை உடைத்த மாதிரி குமிழ் குமிழாக வர ஆரம்பித்தது.

பம்பு, பில்டர், நாசில் எதிலும் கோளாறு இல்லை. டேங்குக்கும் இந்த டியூபுக்கும் நடுவில்தான். நடுவில் இருப்பது ஒரு முழம் ஹோஸ் மட்டும்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். "இங்க என்னமோ சுத்தியிருக்கு மாமா."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தை மாசம், பொங்கல் கழித்து, டேங்க் அடியில் ஹோஸ் வெடித்து லேசாகச் சொட்டியது. அலங்காநல்லூர் போய் ஹோஸ் வாங்கச் சோம்பல். பழைய சைக்கிள் டியூபை நாடா மாதிரி வெட்டி, இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டேன். சொட்டு நின்றது. அதை டீக்கடையில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன், நாற்பது ரூபாய் மிச்சம் என்று.

அவன் பிய்த்து வெளியே எடுத்துக் காட்டினான். டீசலில் ஊறி ரப்பர் உப்பி, அல்வா மாதிரி கொழகொழவென்று இருந்தது. கம்பி தொளதொளத்து நின்றது. சுற்றிலும் டீசல் ஈரத்தில் புழுதி ஒட்டி கறுப்பாக ஒரு கட்டி. டேங்க் நிறைந்திருந்த நாட்களில் கசிந்திருக்கிறது. கழுவும்போதெல்லாம் பார்த்த அழுக்குதான், அழுக்கு என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் யாராவது பத்து லிட்டர் டீசலைக் கொண்டுவந்து ஊற்றியிருந்தால் வண்டி ஒருவேளை ஒழுங்காக ஓடியிருக்கும். நானும் சாகும் வரைக்கும் மாப்ளேதான் டீசலைக் காலி பண்ணினான் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

"யார் சுத்துனது மாமா இது?" என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "லெவல் டியூபையே முழுசா மாட்டிருவோம். ரெண்டு நாள் தாங்கும்" என்றான்.

மூன்றரை மணிக்கு வண்டி வயலில் இறங்கியது. அவன் ஓட்டினான். நான் மண்வெட்டியோடு வரப்பு மூலைகளைச் சரி பண்ணிக்கொண்டே பின்னால் போனேன். பங்க்குக்குப் போய் டீசல் வாங்கி வந்தது, மடையை அடைத்தது, டீ வாங்கி வந்தது எல்லாம் நான்தான். இருட்டின பிறகு ஹெட்லைட் வெளிச்சத்தில் பரம்பு இழுத்தோம். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் தவளை. கொக்கு அடைந்துவிட்டதால் தவளைக்குப் பயமில்லை. ஒன்பது மணிக்கு முடிந்தது. கீழ்வயல் மூலையில் கொஞ்சம் மேடு நின்றுவிட்டது, அது அந்த போகம் முழுக்க களையாகவே கிடந்தது, பரவாயில்லை.

சனிக்கிழமை ஆறரைக்கு 14 பேரும் வந்தார்கள். பத்து மணி டீக்கு எல்லோரும் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, முந்தின நாள் வேலியோரம் நின்ற ரெண்டு அக்காமாரும் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே, "நேத்து மாப்ளேயை வஞ்சேன்ல, தப்பு அவன் மேல இல்லை. நான் சுத்துன சைக்கிள் டியூப்புதான்" என்றேன். இதைச் சொல்ல ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

அதில் மூத்த அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நேத்து சத்தமா சொன்னியேப்பா. இன்னைக்கு என்ன காதுல சொல்ற மாதிரி சொல்ற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்ளே மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "டீ ஆறுது மாமா" என்றான்.

கொத்தனாருக்குப் புது டியூப் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் டீசல் ஹோஸையும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று திங்கட்கிழமை ரெண்டு பேரும் பைக்கில் மதுரைக்குப் போனோம். சிக்கந்தர் சாவடி, கூடல் நகர், செல்லூர், வைகையைத் தாண்டி சிம்மக்கல். ஆற்றில் தண்ணி இல்லை. எங்கள் வயலுக்கு வருகிற தண்ணி பேரணையிலேயே பிரிந்துவிடுவதால் டவுனுக்குள் ஆறு காய்ந்துதான் கிடக்கும். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வயசான ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அளவுக்காக நான் பழைய ஹோஸைச் சுற்றியிருந்த டியூபோடு அப்படியே கொண்டுபோயிருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதை யாருப்பா சுத்துனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்ளே, "நான்தாண்ணே, தெரியாம சுத்திட்டேன்" என்றான்.

"இல்லண்ணே, நான் சுத்துனது" என்றேன்.

அவர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் சுத்துனா என்ன, சைக்கிள் ரப்பர் டீசலுக்கு ஆகாது, ஊதிரும். இது நைட்ரைல், உள்ளுக்குள்ள நூல் வலை போட்டது" என்று சொல்லி, 8 எம்.எம். ஹோஸில் ஒரு மீட்டரை அளந்து கத்தியை எடுத்தார். ரெண்டு மீட்டராகக் கொடுக்கச் சொன்னேன். நாலு கிளிப்பு. பில்லை மாப்ளே பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். டியூப் லெவல் வாங்க எதிர்ச்சாரியில் ஹார்டுவேர் கடைக்கு நடந்தோம்.